சாட்சியைத் திரும்பப் பெற்ற ஞாயிறு

1997-ம் வருடம் பிப்ரவரி மாதத்தில், என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்த ஜோயல் தன்னுடைய ரைஸ் குக்கரை என்னிடம் கொடுத்தான். "வெச்சுக்கோங்கண்ணே, எனக்கு இனிமே வேண்டாம்" என்றான். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். மறுநாள் தன்னுடைய குளிர்கோட்டைக் கொடுத்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். என் அளவுக்குச் சரியாக இருந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்பதற்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தூத்துக்குடிக்காரன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். கப்பலில் சமையல்கட்டு எடுபிடியாக ஏறி, பல துறைமுகம் பார்த்து, கடைசியில் ஹூஸ்டனில் கரை இறங்கினேன். அங்கே மீன் பதப்படுத்தும் கிடங்கில் வேலை. பிறகு கலிஃபோர்னியாவில் பே ஏரியாவில் ஓர் இந்திய உணவகத்தில் மாவு அரைத்தேன். குடியேற்றக் காகிதங்கள் சரியாவதற்குப் பட்ட பாடு தனிக் கதை. அதன் பின் நியூ ஜெர்சி. எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் என்னால் இருக்க முடியாது. உள்ளங்காலில் ஏதோ அரிக்க ஆரம்பிக்கும். கிளம்பும்போது சட்டி, போர்வை, ரேடியோ எல்லாவற்றையும் கூட இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒற்றைப் பையோடு பஸ் ஏறுவேன். ஆகவே ஒருவன் தன் பொருட்களைக் கொடுத்தால் அவன் ஊர் மாறப் போகிறான் என்றுதான் எனக்கு அர்த்தம். ஜோயலும் சென்னைக்குத் திரும்பப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நியூ ஜெர்சியில் நான் வேலை பார்த்தது ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில். குடியிருந்தது பிஸ்கட்டவேயில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். அந்த அப்பார்ட்மெண்டில் என்னைத் தவிர மற்ற இரண்டு பேரும் மாணவர்கள். ஒருவன் சுரேஷ், மயிலாப்பூர்ப் பையன். இன்னொருவன் ஜோயல். எலெக்ட்ரிகலில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். நல்ல குரல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் அமெரிக்கச் சபையின் அடித்தளத்தை வாடகைக்கு எடுத்து தமிழ்க் கிறிஸ்தவர்கள் சேர்ந்து ஜெபிக்கிற நம்முடைய தமிழ் ஐக்கியம் கூடும். நான்தான் என் பழைய காரில் அவனைக் கூட்டிக்கொண்டு போவேன். முன் ஸீட்டில் உட்கார்ந்து பாடிக்கொண்டே வருவான்.

1996 அக்டோபரில் அவனுக்கு ஒரு சோதனை வந்தது. அவனுக்கு உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்த பேராசிரியரின் ஆராய்ச்சிக்குப் பணம் நின்றுபோனது. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டாவிட்டால் படிப்பு போகும், படிப்பு போனால் விசா போகும். சென்னையில் அப்பாவிடம் கேட்க வழி இல்லை. அவர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில்தான் விமானமே ஏறியிருந்தான். ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பாகச் சொன்னான். செல்வராஜ் அங்கிள்தான் எங்கள் ஐக்கியத்தை நடத்துகிறவர். வாராவாரம் அவர் ஜோயலை நடுவில் முழங்கால்படியிட வைத்து ஜெபித்தார். நாங்கள் எல்லாரும் ஜெபித்தோம். நானும்தான்.

நவம்பர் மாத விடுமுறையில் சுரேஷ் அவனை அட்லாண்டிக் சிட்டிக்குக் கூப்பிட்டான். அந்த நாட்களில் சூதாட்ட விடுதிகளுக்கு நியூ ஜெர்சி ஊர்களிலிருந்து பகல் பஸ் ஓடும். டிக்கெட்டுக்குக் கொடுத்ததில் பெரும்பகுதியை அங்கே இறங்கியதும் சில்லறையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வயதானவர்கள் பொழுதுபோக்குக்குப் போவார்கள். மாணவர்கள் மலிவான சாப்பாட்டுக்கும் கடல் பார்ப்பதற்கும் போவார்கள். சுரேஷ் கடலைப் பார்த்தான். ஜோயல் சீட்டு மேஜையில் உட்கார்ந்தான். இருபத்தொன்றுக்குக் கூட்டுகிற அந்த ஆட்டம் அவனுக்குக் கணக்குப் பாடம் மாதிரி இருந்ததாம். ஃபீஸுக்குப் போதுமான பணத்தோடு திரும்பி வந்தான்.

"ஆண்டவர் கேட்டுட்டார்ணே!" என்று என்னைக் கட்டிப் பிடித்தான்.

"சூதாட்டப் பணம்டா தம்பி."

"அதனால என்னண்ணே? பைபிள்ல மீன் வாயில இருந்த காசை எடுத்துக்கலையா?"

"மீனைப் பிடின்னு அவரே சொன்னாரு. உன்னை யாரு பஸ் ஏறச் சொன்னா?"

"சுரேஷ்."

"டேய், என்னை ஏன்டா பைபிளுக்குள்ள இழுக்கற?" என்றான் சுரேஷ். எல்லாரும் சிரித்தோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் அத்தனை வாரம் நானும் கேட்டிருந்தேனே. கேட்டது வந்திருக்கிறது. வந்த வழியைக் குறை சொல்ல நான் யார் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் சொல்கிற சாட்சி நேரத்தில் ஜோயல் எழுந்து நின்றான். "கர்த்தர் எதிர்பாராத வழியில என் தேவையைச் சந்திச்சார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஹால் முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. என்ன வழி என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஸ்தோத்திரம் என்றேன், சத்தமாக.

அதன் பிறகு அவனுக்குத் தனி மரியாதை. வாலிபர் வேதபாட வகுப்பை அவன் கையில் கொடுத்தார்கள். ஆன்ட்டிமார்கள் தங்கள் பிள்ளைகளிடம், "ஜோயல் அண்ணா மாதிரி ப்ரே பண்ணக் கத்துக்கோ" என்றார்கள். பிள்ளைகள் "ஓகே மாம்" என்றன. அவன் அம்மாவுக்கு விஷயம் போய், அவர்கள் தங்கள் சபையில் பெண்கள் கூட்டத்தில் நின்று அழுது சாட்சி சொன்னார்கள். சபையின் மாதப் பத்திரிகையில் அதை அச்சடித்தும் விட்டார்கள். ஃபோனில் அம்மா அதை வாசித்துக் காட்டியபோது ஜோயல் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தான்.

ஏனென்றால் அதற்குள் அவன் தனியாக அட்லாண்டிக் சிட்டிக்குப் போக ஆரம்பித்திருந்தான்.

அவன் குடிக்கிறவன் இல்லை, பொய் சொல்லிப் பழக்கப்பட்டவனும் இல்லை. அதை ஆண்டவர் காட்டிய வழி என்று நிஜமாகவே நம்பினான். பஸ் ஏறுவதற்கு முன் முழங்கால்படியிடுவான். தோற்று வந்தால், தன்னிடம் ஏதோ பாவம் இருந்து தடுக்கிறது என்று உபவாசம் இருப்பான். பட்டினியோடு மறுபடியும் போவான். உபவாசம் இருந்து சீட்டாடப் போன வேறு ஆளை நான் பார்த்ததில்லை. ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம் கட்டுவதற்கு முன்பே அங்கே திரும்பிப் போனது. ஜனவரியில் வகுப்புகள் தொடங்கின. தவணை கேட்டு வாங்கியிருந்தான் என்று பிறகு தெரிந்தது. வகுப்புக்குப் போகவில்லை. பகல் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை எழுந்து ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், பிள்ளைகளுக்கு விசுவாசத்தைப் பற்றி அழகாக வகுப்பு எடுப்பான். திரும்பி வந்து மறுபடியும் சுவர்.

"அங்கிள்கிட்ட சொல்லேன்டா" என்றேன் ஒருநாள்.

"என்னன்னு சொல்லட்டும்? நான் சொன்ன சாட்சி தப்புன்னா? அம்மா சர்ச்ல நின்னு அழுதிருக்காங்கண்ணே. பத்திரிகைல வந்தாச்சு. இப்ப நான் ஆண்டவரையே பொய்யாக்கணுமா?"

கடையிலிருந்து சாம்பார் கொண்டுவந்து சூடு பண்ணி வைத்தேன். அப்படியே இருந்தது. சுரேஷ் முதலில் கிண்டல் செய்தான், பிறகு திட்டினான், பிறகு பயந்தான். "இவன் எங்கூடப் பேசியே வாரக்கணக்குல ஆச்சுண்ணே. நான்தானே கூட்டிட்டுப் போனேன்" என்று சமையலறையில் வைத்து மெதுவாகச் சொன்னான்.

எனக்கோ மறுபடியும் கால் அரிக்க ஆரம்பித்தது. டெக்ஸாஸில் இர்விங்கில் இருந்த ஒரு பழைய சிநேகிதன், லாஸ் கொலினாஸில் ஓர் அலுவலகக் கேன்டீனில் ஆள் எடுக்கிறார்கள், வா என்றான். உடனே பஸ்ஸுக்குப் பதிவு செய்தேன். திங்கட்கிழமை காலை பயணம். உண்மையைச் சொன்னால், குளிருக்கும் வேலைக்கும் பயந்து நான் கிளம்பவில்லை. அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மூச்சு முட்டியது. ஓர் ஆள் கண்ணெதிரே தேய்ந்துகொண்டிருப்பதை நின்று பார்க்க எனக்குத் தெரியாது. நடக்கத்தான் தெரியும்.

கடையில் காய்கறி வைக்கும் குளிர் அறைதான் எனக்கு ஜெப அறை. அங்கேதான் யாரும் கூப்பிடமாட்டார்கள். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து அந்த வாரம் முழுவதும் ஒரே ஜெபம்தான் செய்தேன். "ஆண்டவரே, இந்தப் பையனை வேற யார் கையிலயாவது கொடுத்துரும். நான் போகணும்." அழகான ஜெபம் இல்லை. நான் செய்தது அதுதான்.

அந்த வாரத்தில்தான் ரைஸ் குக்கரும் கோட்டும்.

சனிக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது ஜோயல் எழுந்து குளித்திருந்தான். அறையைக் கூட்டித் துடைத்திருந்தான். எங்கள் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தான். சுரேஷிடம், "உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லடா மச்சி" என்றான். முகம் அமைதியாக இருந்தது. "தெளிஞ்சுட்டான்ணே" என்று சுரேஷ் என் காதில் சொன்னான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கும் அப்படித்தான் பட்டது. கடைக்குப் போய்க் குளிர் அறைக்குள் நுழைந்தேன், நன்றி சொல்ல. ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. குளிரில் நின்றுகொண்டே இருந்தேன். எதுவோ சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது. "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் புரியல. நான் படிக்காதவன். புரிஞ்சவங்க யாரையாவது அனுப்பும்" என்றேன். வெளியே வந்து தோசைக்கல் முன்னால் நின்றேன்.

மறுநாள் ஞாயிறு. ஜோயல் கூட்டத்துக்கு வரவில்லை என்றான். "இன்னைக்கு எனக்கு வழியனுப்பு ஜெபம்டா. நீ இல்லாம எப்படி?" என்றேன். "சரிண்ணே. உங்களுக்காக" என்றான். காரில் அவன் பாடவில்லை.

பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்தது. என்னைப் பேசச் சொல்வார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். ஆனால் மெர்ஸி ஆன்ட்டி எழுந்தார். அவர் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். முந்தைய வருடம் அவர் சொன்ன ஒரு சாட்சி எங்கள் ஐக்கியத்தில் பிரபலம். மனச்சோர்வால் மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் கிடந்த அவருடைய கணவர் சாம் அங்கிள், ஜெபத்தால் பூரண சுகம் அடைந்தார் என்ற சாட்சி.

"அந்தச் சாட்சில நான் ஒரு பகுதியை விட்டுட்டேன்" என்றார் ஆன்ட்டி. கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே பேசினார். "ஜெபத்துனாலதான் இவர் எழுந்தார். அதுல மாத்தம் இல்ல. ஆனா டாக்டர்கிட்டயும் போனோம். மருந்து சாப்பிட்டார். இப்பவும் சாப்பிடறார். அதைச் சொன்னா கர்த்தருக்கு மகிமை குறைஞ்சுடும்னு நினைச்சு மறைச்சுட்டேன். போன வாரம் ஃபார்மஸில இவர் மருந்தை வாங்கிட்டு நிக்கறேன். நம்ம சிஸ்டர் ஒருத்தங்க உள்ள வந்தாங்க. நான் கவரைக் கோட்டுக்குள்ள ஒளிச்சுட்டு, ஷாம்பூ வாங்க வந்தேன்னு சொன்னேன். அன்னிலேருந்து தூக்கம் இல்ல. மாத்திரையை ஒளிச்சு வெச்சாத்தான் என் சாட்சி நிக்கும்னா அந்தச் சாட்சி எனக்கு வேண்டாம். அதைத் திரும்ப வாங்கிக்கறேன். முழுசா இப்ப சொல்லிட்டேன்."

செல்வராஜ் அங்கிள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். சாம் அங்கிள் மட்டும் உட்கார்ந்தபடியே பேசினார். "காலைல ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. அது பரவாயில்ல. நிஜமாவே ஷாம்பூவும் வாங்கிட்டு வந்துட்டா. அதை வெச்சு நான் என்ன பண்ண?" என்று தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஆன்ட்டியும் அழுதுகொண்டே சிரித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

படிகளில் ஏறி வெளியே ஓடினேன். சபைக்கு முன்னால் பெரிய ரோடு, வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. எனக்கு உயிரே இல்லை. ஜோயல் பார்க்கிங்கில் என் காரின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். சட்டையோடு. உதடு நீலம் பூத்திருந்தது.

"சாட்சியைத் திரும்ப வாங்கலாமாண்ணே?"

"இப்பதானே ஒருத்தங்க வாங்கினாங்க."

"அவங்க பாதிதான் வாங்கினாங்க. நான் முழுசையும் வாங்கணும்."

"சரி, முழுசையும் வாங்கு."

"வாங்கிட்டா என்கிட்ட ஒண்ணுமே இருக்காதுண்ணே."

"எலேய், ஒண்ணுமே இல்லாமத்தான் நான் ஊர் ஊரா சுத்திக்கிட்டிருக்கேன். செத்தா போயிட்டேன்?"

சிரித்தான். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. காருக்கு மேல் குப்புறக் கவிழ்ந்து அழுதான். முதுகைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

மெர்ஸி ஆன்ட்டி பின்னாலேயே வந்திருந்தார். சாட்சி சொன்னவர் உள்ளே இருக்கக் கூச்சப்பட்டு வெளியே வந்தாரோ, எங்களைப் பார்த்து வந்தாரோ தெரியாது. "ஜோயல், இந்தக் குளிர்ல உன் கோட் எங்கப்பா?" என்றார்.

"அண்ணன்கிட்ட கொடுத்துட்டேன்."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். அது என் உடம்பில் இருந்தது. "வேற என்ன கொடுத்தான்?" என்று என்னைக் கேட்டார்.

"ரைஸ் குக்கர். இவன் ஊருக்குப் போறான்னு நினைச்சேன்."

ஆன்ட்டியின் முகம் மாறிவிட்டது. ஜோயலின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேட்டார். "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?"

இப்படி ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்கலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்தது போல ஆகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஜோயலுக்கோ யாரோ தோளிலிருந்து மூட்டையை இறக்கியது போல இருந்திருக்கிறது. உடனே பதில் சொன்னான்.

"ஆமா ஆன்ட்டி. நாளைக்குன்னு நினைச்சிருந்தேன். அண்ணன் காலைல பஸ் ஏறிடுவார். அதுக்கு முன்னாடின்னா அவர் பயணம் கெட்டுடும்."

பிரியமானவர்களே, என் வாழ்க்கையில் நான் எத்தனையோ ஊரை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். நான் போவதற்காக ஒருவன் காத்திருந்தான் என்று கேட்டது அன்றுதான். என் பயணம் கெடக்கூடாதாம். கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டேன். பொத்தானை ஆன்ட்டி போட்டுவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சாம் அங்கிள் வண்டியை எடுத்தார். நேராக மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போனோம். அவனுக்கு ஒரு பக்கம் ஆன்ட்டி, ஒரு பக்கம் நான். வழியில் சாம் அங்கிள், "நானும் என் மீன்பிடித் தூண்டில் எல்லாத்தையும் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்தேன் தம்பி. இவதான் என்னன்னு கண்டுபிடிச்சா. அந்த ஆள் இன்னும் திருப்பித் தரல" என்றார். அந்த நிலையிலும் ஜோயல் கேட்டான், "நீங்க கேட்டீங்களா அங்கிள்?" "கேக்க வெக்கமா இருக்கு" என்றார் அங்கிள்.

மருத்துவமனையில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். சூதாட்டமும் ஒரு நோயாகவே ஆகிவிடும், மனச்சோர்வும் ஒரு நோய், இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போடும் என்று டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். படிக்கிற பிள்ளைகள் பலர் இப்படி வருகிறார்களாம். யாரும் வீட்டில் சொல்வதில்லையாம். சாயங்காலம் செல்வராஜ் அங்கிள் வந்தார். பெரிய கம்பெனியில் மேலாளர், கம்பீரமான மனிதர். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "பணம் எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை நான் கேக்கலையே தங்கராஜ்" என்றார். "நானும் கேக்கல. எனக்குத் தெரியும், அதனால கேக்கல" என்றேன்.

திங்கட்கிழமை பஸ் நான் இல்லாமல் போனது.

இதற்குப் பிறகு வானத்திலிருந்து பணம் விழவில்லை. அந்த செமஸ்டர் போனது போனதுதான். பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையத்தில் ஒருவர் அவனைத் தவறாமல் பார்த்தார். மருத்துவ விடுப்பு வாங்கிக் கொடுத்தார்கள், விசாவுக்கு என்ன எழுத வேண்டுமோ அதையும் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அவனே ஃபோன் செய்து சொன்னான். நான் பக்கத்தில் இருந்தேன். "பத்திரிகைல போட்டுட்டாங்களேடா" என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு லைன் கட்டாகிவிட்டது. ஃபோன் கார்டில் பணம் தீர்ந்ததா, அவர்கள் வைத்துவிட்டார்களா தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள். "பத்திரிகை ஆசிரியர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ மருந்தை மட்டும் விட்டுடாதே" என்றார்கள்.

குளிர் முடிந்த சமயத்தில் ஒரு ஞாயிறு அவன் எழுந்து நின்று தன் சாட்சியை முழுதாகத் திரும்ப வாங்கினான். அட்லாண்டிக் சிட்டி, பஸ், சீட்டு மேஜை, உபவாசம் எல்லாம் சொன்னான். இந்த முறை ஸ்தோத்திரம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. ஒரு குடும்பத்துக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் பேசுகிற விஷயமா என்று கேட்டுவிட்டு வேறு ஐக்கியத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் வேறொரு மாணவன் செல்வராஜ் அங்கிளைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்தான்.

சூதாட்டத்தை விட நினைக்கிறவர்கள் கூடுகிற ஒரு கூட்டத்துக்கு ஜோயல் போக ஆரம்பித்தான். நான்தான் வண்டி ஓட்டினேன். அவன் உள்ளே போனதும் வெளியே காரில் காத்திருப்பேன். காத்திருப்பது எனக்குப் பெரிய வேதனை. காரைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். அந்தக் கோடையில் ஒருமுறை அவன் மறுபடியும் அட்லாண்டிக் சிட்டிக்குப் போனான். ஆனால் அன்று மாலையே என்னிடம் வந்து, "போயிட்டேண்ணே" என்றான். ஆன்ட்டிக்கு ஃபோன் செய்தோம். அவர் திட்டவில்லை. "நாளைக்கு கவுன்சிலர்கிட்ட முதல் ஆளா போய் நில்லு" என்றார். போய் நின்றான். படிப்பை முடித்தான். பட்டம் வாங்கிய அன்று நானும் சுரேஷும் வெயிலில் நாற்காலி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதுவரை நான் பிஸ்கட்டவேயை விட்டுக் கிளம்பவில்லை. கால் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த அரிப்பை ஆண்டவர் எடுத்துப்போடவில்லை. அரிப்போடு இருக்கிற பலத்தைக் கொடுத்தார். எனக்கு அது பெரிய அற்புதம். "வேற யார் கையிலயாவது கொடுத்துரும்" என்று கேட்டேன் அல்லவா? கொடுத்தார். மெர்ஸி ஆன்ட்டி, சாம் அங்கிள், டாக்டர் அம்மா, கவுன்சிலர் என்று பல கைகளில் கொடுத்தார். அந்தக் கைகளில் என்னுடைய கையையும் சேர்த்துவிட்டார். அதை நான் கேட்கவில்லை.

இதை வாசிக்கிற மாணவத் தம்பி தங்கைகளே, நீங்கள் ஒரு சாட்சி சொல்லி அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சாட்சி விழுந்தால் ஆண்டவரும் கூட விழுந்துவிடுவார் என்று பயப்படாதீர்கள். அவர் விழமாட்டார். டாக்டரிடம் போங்கள், ஜெபமும் பண்ணுங்கள், இரண்டையும் வெளியே சொல்லுங்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களே, ஒருவன் தன் பொருட்களைக் கொடுக்க ஆரம்பித்தால் வாங்கிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். என்னடா என்று நேராகக் கேளுங்கள். கேட்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அனுப்பும்படி ஆண்டவரைக் கேளுங்கள். என்னைப் போன்றவனுடைய அரைகுறை ஜெபத்தைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார்.

இப்போது 2001. ஒரு வழியாக நான் இர்விங் வந்து சேர்ந்து, ஒரு கேன்டீனில் வேலை பார்க்கிறேன். ஜோயல் பே ஏரியாவில் இருக்கிறான். இந்த வருடம் அவன் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவனுக்கும் வேலை போய்விட்டது. அவன் வீட்டுக்கும் லைப்ரரிக்கும் நடுவில் சீட்டாடும் கிளப் ஒன்று இருக்கிறதாம். தினமும் வேலை தேட அந்த வழியாகத்தான் போக வேண்டும். போகும்போது எனக்கு ஃபோன் செய்வான். அந்த இடம் தாண்டும் வரை பேசிக்கொண்டே நடப்பான். என் பக்கத்தில் பாத்திரம் உருளும், ஆள் கத்துவான். நான் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்குவேன்.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது சரி என்றான். ஒரு நிபந்தனை போட்டான்.

"'ஜோயல் பூரண விடுதலை ஆயிட்டான்'னு மட்டும் எழுதிடாதீங்கண்ணே. அப்புறம் அதை வேற நான் திரும்ப வாங்கணும்."

"வேற என்னன்னு எழுத?"

"இன்னைக்குப் போகலன்னு எழுதுங்க."

இன்று அவன் போகவில்லை. இன்றைக்காக ஸ்தோத்திரம்.